பதினோராம் வகுப்பு: நம் கைக்கு வந்துள்ள ஓர் ஆண்டு

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் கல்விக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

கல்விக் குழு மேடையேறினால், உதவித்தொகை பெற்றவர் எத்தனை பேர், நோட்டுப் புத்தகம் எவ்வளவு வழங்கப்பட்டது என்னும் கணக்கையே எல்லோரும் எதிர்பார்ப்பது வழக்கம். அக்கணக்கு ஆண்டறிக்கையில் அச்சாகியிருப்பதால் இங்கே வாசித்து உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ள நாங்கள் விரும்பவில்லை. ஒரே ஒரு கோரிக்கையை மட்டும் முன்வைக்கின்றோம். பத்தாம் வகுப்பை முடிக்கும் நம் மஹல்லாப் பிள்ளைகளுக்கு, அடுத்து வரும் ஓராண்டை, பாடநூலுக்கு வெளியேயும் பலவற்றைக் கண்டும் செய்தும் கற்கின்ற ஆண்டாக இந்த ஜமாஅத் திட்டமிட்டுத் தர வேண்டும்.

இதை இப்போது கேட்பதற்குக் காரணம் உண்டு. 2025 ஆகஸ்ட் 8ஆம் நாள் தமிழ்நாடு அரசு வெளியிட்ட மாநிலக் கல்விக் கொள்கையின்படி, 2025-26 கல்வியாண்டு முதல் பதினோராம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இல்லை. 2017-18ஆம் ஆண்டில்தான் அத்தேர்வு கொண்டுவரப்பட்டது. பல பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டாண்டும் உருப்போட வைத்ததால் அரசு அப்படிச் செய்தது. அதன் விளைவாக நம் பிள்ளைகள் 10, 11, 12 என்று தொடர்ந்து மூன்று ஆண்டு பொதுத்தேர்வு எழுதினார்கள். இப்போது நடுவிலிருந்த சுமை இறங்கியிருக்கிறது. இறங்கிய இடத்தில் எதை வைக்கப் போகிறோம்? பழையபடி பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை வைக்கலாம், பயிற்சி மையக் கட்டணத்தை வைக்கலாம், கைப்பேசியையும் வைக்கலாம். நாம் ஒன்றும் வைக்காவிட்டால் இவற்றில் ஏதேனும் ஒன்று தானாக வந்து அமர்ந்துகொள்ளும்.

பிற நாட்டார் இதை எவ்வாறு செய்தார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்கின்றோம். அயர்லாந்து நாட்டில் 1974ஆம் ஆண்டு, ரிச்சர்ட் பர்க் என்பவர் கல்வி அமைச்சராக இருந்தபோது, மூன்றே பள்ளிகளில் ‘டிரான்சிஷன் இயர்’ என்னும் மாறுகால ஆண்டு தொடங்கப்பெற்றது. நம் பத்தாம் வகுப்பைப் போன்ற தேர்வை எழுதிய பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் அடுத்த இரண்டாண்டுப் படிப்பில் நுழையுமுன் இந்த ஆண்டை மேற்கொள்கிறார்கள். அரசுத் தேர்வு கிடையாது. கடைகளிலும் அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் சில வாரங்கள் வேலை பழகுதல், தொண்டு செய்தல், நாடகம், சமையல், பயணம் என்று அந்தந்தப் பள்ளியே தன் ஊருக்கு ஏற்றபடி திட்டம் வகுத்துக்கொள்கிறது. 1994க்குப் பின் அது நாடெங்கும் பரவிற்று. தென்கொரியா அதைப் பார்த்து 2013இல் சோதனையாகத் தொடங்கி, 2016இல் எல்லா நடுநிலைப் பள்ளிகளிலும் தேர்வில்லாத ஒரு பருவத்தை ஏற்படுத்தியது. தேர்வு நெருக்கடியில் தென்கொரியா நமக்குச் சளைத்த நாடன்று என்பதை அறிந்தவர்களுக்கு இதன் முக்கியத்துவம் விளங்கும்.

ஆயினும் அயர்லாந்திலேயே இதன்மீது இரண்டு குறைகள் சொல்லப்படுகின்றன. ஒழுங்காகத் திட்டமிடாத பள்ளியில் அது வெறும் சோம்பல் ஆண்டாகிவிடுகிறது என்பது ஒன்று. பயணத்திற்கும் பயிற்சிக்கும் பெற்றோர் பணம் கட்ட வேண்டியிருப்பதால் வசதியற்ற வீட்டுப் பிள்ளைகள் பின்தங்கிவிடுகிறார்கள் என்பது மற்றொன்று. இரண்டாவது குறையைத்தான் நாம் பெரிதாகக் கருதுகின்றோம். ஏனென்று பிறகு சொல்கின்றோம்.

பள்ளியை விட்டு ஓராண்டு விலகி வேறொன்றைக் கற்பது நம் சமூகத்திற்குப் புதிய செய்தியன்று. திருக்குர்ஆனை மனனம் செய்வதற்காகப் பள்ளிப்படிப்பை இரண்டு, மூன்று ஆண்டு நிறுத்திவைத்து, ஹாபிழாகப் பட்டம் பெற்றபின் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதித் தேறியவர்கள் இந்தச் சபையிலேயே இருக்கிறார்கள். அந்த இடைவெளி அவர்களைக் கெடுக்கவில்லை. அதற்கென்று ஓர் இடம், ஓர் உஸ்தாத், காலையில் ஒப்பிக்க வேண்டிய பாடம் என்னும் கட்டு இருந்தது. நம் பாட்டனார் காலத்தில் கீழக்கரையிலிருந்தும் தொண்டியிலிருந்தும் கொழும்புக்குச் சென்ற சிறுவர்களும் அப்படித்தான். கடையைப் பெருக்குவதில் தொடங்கி, தராசு பிடித்து, சிங்களம் பேசி, பேரேடு எழுதும்வரை படிப்படியாகப் பழகினார்கள்.

அந்தக் கட்டு இல்லாத இடைவெளியையும் நாம் பார்த்திருக்கின்றோம். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும், சும்மா இருப்பானேன் என்று இரண்டு மாதத்திற்கு மட்டும் சென்னை மண்ணடிக் கடைக்கு அனுப்பப்பட்ட பையன், ஜூனில் பள்ளி திறக்கும்போது திரும்பி வருவதில்லை. கையில் காசு புழங்கிவிட்டது. வீட்டுக்கும் அது தேவையாக இருக்கிறது. பதினெட்டு வயது நிறைந்ததும் சபர். பெண்பிள்ளைகளுக்கோ அந்த இரண்டு மாதத்தில்தான் மேலே படிக்க வேண்டுமா என்ற பேச்சு வீட்டில் தொடங்குகிறது. ஆகவே செல்வந்தர் வீட்டுப் பிள்ளை ஓராண்டு உலகம் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து படிப்பதைப் பார்த்து, அதை அப்படியே இந்தக் கரையில் இறக்குமதி செய்வது ஆபத்து. நமக்கு வேண்டியது பள்ளிப் பதிவேட்டில் பெயர் இருந்துகொண்டே நடக்கும் ஆண்டு. பிள்ளை ஜூனில் பதினோராம் வகுப்பில் சேர்ந்தே ஆக வேண்டும். இது எங்கள் திட்டத்தின் முதல் நிபந்தனை. இதில் விட்டுக்கொடுப்பதற்கு இடமில்லை.

அப்படியானால் எப்போது கற்பது? முதலாவதாக, ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் வரையுள்ள காலம். 2025இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ஏப்ரல் 15ஆம் நாள் முடிவடைந்தது. அதே ஏப்ரல் 15இல்தான் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஆண்டுதோறும் தொடங்குகிறது. முன்பு 45 நாளாக இருந்து, 2017 முதல் ஜூன் 14 வரை 61 நாளாக நீட்டிக்கப்பட்டது. மீன்கள் முட்டையிடும் காலம் என்பதற்காக அரசு விதித்த ஓய்வு அது. ஆனால் கரையில் ஓய்வில்லை. மண்டபத்திலும் ராமேசுவரத்திலும் பாம்பனிலும் படகுகளைக் கரையேற்றி ஆண்டு முழுவதற்குமான பழுதுபார்ப்பு வேலைகள் நடைபெறுவது அந்த அறுபது நாளில்தான். பிள்ளைகளும் கரையில், படகுகளும் கரையில், தச்சரும் மெக்கானிக்கும் கரையில். இவ்வளவு பொருத்தமான பள்ளிக்கூடத்தை எந்தக் கல்வித்துறையும் கட்டித் தர முடியாது!

அங்கே என்ன கற்கலாம் என்று கேட்பீர்கள். பலகையின் இடுக்கில் பஞ்சை வைத்து அடித்து நீர் புகாமல் அடைக்கும் வேலையைப் பார்க்கலாம். உளுத்த பலகையை எடுத்துவிட்டு, படகின் வளைவுக்கு இசையும்படி புதுப் பலகையை வளைத்துப் பொருத்தும் ஆசாரி, காகிதத்தில் படம் வரையாமல் கண்ணாலும் நூலாலும் அளவெடுப்பதைப் பார்க்கலாம். டீசல் எஞ்சினைக் கழற்றிப் பாகம் பாகமாகப் பரப்பிவைத்திருக்கும் இடத்தில் அரை நாள் நின்றால், இயற்பியல் நூலில் படமாகக் கிடக்கும் பிஸ்டன் உயிர் பெற்றுவிடும். வலை பின்னுகிறவரிடம் வலைக்கண் அளவைக் கேட்டால், எந்த அளவில் எந்த மீன் சிக்கும், எது தப்பும் என்பதையும், சிறு கண் வலை நாளைய மீனை இன்றே அழிப்பது எப்படி என்பதையும் சொல்வார். தடைக்காலத்திலும் நாட்டுப்படகுகள் கடலுக்குச் செல்கின்றன. அவற்றின் மீன் ஏலம் போகும் இடத்தில் நின்றால், முன்பணம் கொடுத்த வியாபாரிக்கும் பிடித்து வந்தவருக்கும் இடையே விலை எவ்வாறு முடிவாகிறது என்பது தெரியும். வணிகவியல் பாடத்தில் அதைவிடத் தெளிவான அத்தியாயம் இல்லை.

கடற்கரையில் வாழும் நம் பிள்ளைகளில் பலருக்குக் காற்றின் பெயரே தெரியாது என்பது வருந்தத்தக்கது. வாடை எது, கச்சான் எது, கொண்டல் எது, சோழகம் எது? பாம்பன் தீவில் கச்சான் காலத்தில் தென்கடல் கொந்தளிக்கும்போது வடகடல் அமைதியாக இருப்பதும், வாடைக் காலத்தில் அது தலைகீழாவதும், மீனவர்கள் அதற்கேற்பத் தொழிலை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்கு மாற்றிக்கொள்வதும் பருவக்காற்றைப் பற்றிய முழுப் பாடம். இதைச் சொல்லித் தரக்கூடியவர்களில் நம் ஜமாஅத்தினர் சிலரே. தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் உள்ள கிறித்தவ, இந்து மீனவக் குடும்பங்களின் மூத்தவர்களிடம் சென்று முறையாக வேண்டிக்கொள்ள வேண்டும்; அவர்கள் மறுக்கமாட்டார்கள் என்றே நம்புகின்றோம். 2016இல் பாம்பனில் மீனவருக்கென்றே தொடங்கப்பெற்ற ‘கடல் ஓசை’ சமுதாய வானொலியையும் பிள்ளைகள் பார்க்க வேண்டும்.

டாக்டர் அப்துல் கலாம் அவர்களின் பெயரைச் சொல்லாமல் நம் பகுதியில் எந்தக் கல்விக் கூட்டமும் முடிவதில்லை. படத்திறப்போடும் பேச்சுப் போட்டியோடும் நாம் நின்றுவிடுவதுதான் குறை. ராமேசுவரத்துச் சிறுவனாக அவர் எப்படிக் கற்றார் என்பதை அவருடைய ‘அக்னிச் சிறகுகள்’ நூல் சொல்கிறது. தந்தையார் மரப்படகு கட்டியதை அருகிருந்து பார்த்தார். உலகப் போர்க் காலத்தில் ராமேசுவரம் நிலையத்தில் ரயில் நிற்காமல் போனபோது, ஓடும் ரயிலிலிருந்து வீசப்பட்ட செய்தித்தாள் கட்டுகளைப் பொறுக்கிச் சேர்க்கும் வேலையில் உறவினருக்கு உதவினார். சிவசுப்பிரமணிய ஐயர் என்னும் ஆசிரியர், பறவை பறப்பதை விளக்க வகுப்பையே கடற்கரைக்கு அழைத்துச் சென்றதை அவரே மேடைகளில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளி அதற்குப் பிறகு வந்தது. படகும் பறவையும் செய்தித்தாளும் முன்னரே வந்துவிட்டன.

இந்த இரண்டு மாதத்தை நாங்கள் வலியுறுத்துவதற்கு மற்றொரு காரணமும் இருக்கிறது. ஜூனில் ‘குரூப்’ எடுக்க வேண்டும். உயிரியலா, கணினியா, வணிகவியலா, தொழிற்கல்வியா என்பதை, எதையும் கண்ணால் காணாமலே, மதிப்பெண்ணும் பக்கத்து வீட்டாரும் சேர்ந்து முடிவு செய்துவிடுகிறார்கள். நான்கு இடங்களைப் பார்த்துவிட்ட பிள்ளை, குறைந்தபட்சம் தனக்கு எது பிடிக்கவில்லை என்பதையாவது சொல்ல முடியும்.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இத்தகைய திட்டம் வகுக்கும்போதெல்லாம் ஆண்பிள்ளைகளுக்கு உலகமும் பெண்பிள்ளைகளுக்குத் தையலும் மருதாணியும் என்று பங்கு பிரிப்பது நம் வழக்கமாகிவிட்டது. தையல் நல்ல தொழிலே. ஆனால் அது மட்டும் போதாது. நோன்பு காலத்தில் நம் வீடுகளில் கடல்பாசி காய்ச்சாத நாள் உண்டா? அந்தப் பாசி எங்கிருந்து வருகிறது என்று நம் பெண்பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு கடலில் மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் கஞ்சிப் பாசியிலிருந்தும் எடுக்கப்படும் ‘அகர்’ என்னும் பொருள்தான் அது. மருத்துவ ஆய்வுக்கூடங்களில் கிருமிகளை வளர்த்துப் பார்ப்பதற்கும் அதே அகரைத்தான் தட்டில் ஊற்றி வைக்கிறார்கள். மண்டபத்தில் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் கடற்பாசி ஆய்வு நிலையம் இருக்கிறது. 1947இல் தொடங்கப்பெற்ற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கிறது. 1971இல் கொச்சிக்கு மாறும்வரை அதன் தலைமையகமே மண்டபத்தில்தான் இயங்கியது. நாட்டின் பல பாகங்களிலிருந்தும் அங்கே ஆய்வுக்காக வருகிறார்கள். பேருந்தில் சென்றுவரக்கூடிய தூரத்திலிருக்கும் நம் பெண்பிள்ளை, நோன்புக் கஞ்சிக்குப் பக்கத்தில் வைக்கும் கிண்ணத்திலிருந்து ஆய்வுக்கூடத் தட்டு வரைக்கும் அந்தப் பாசியைப் பின்தொடர்ந்து சென்றால், அவள் நுண்ணுயிரியலின் வாசலில் நிற்கிறாள்.

தாய்மார்களின் கவலையை நாங்கள் அறியாதவர்கள் அல்லோம். பெண்பிள்ளைகளின் நிகழ்ச்சிகள் அனைத்தும் காலையில் புறப்பட்டு அஸருக்கு முன் திரும்பிவிடும் தூரத்திலேயே அமையும். ஆசிரியைகளும் விரும்பும் தாய்மார்களும் உடன் வருவார்கள். கீழக்கரையிலுள்ள தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரியைப் பார்த்துவருவதும் இதில் அடங்கும். கல்லூரி வாசலை ஒருமுறை மிதித்த பிள்ளைக்கும், தாய்க்கும், பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்தும் எண்ணம் எளிதில் வராது.

ஜூனுக்குப் பிறகு மாதம் இரண்டு சனிக்கிழமை, ஆண்டுக்கு 24 நாள் போதும். காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளில் நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாம் உள்ள பள்ளிகளில் பிள்ளைகள் அதில் சேர ஊக்குவிக்க வேண்டும். சனிக்கிழமைகளில் செல்லுமிடங்கள் பலவாகலாம். ராமநாதபுரம் தொழிற்பயிற்சி நிலையம், வாலிநோக்கம் உப்பளம், காரங்காடு அலையாத்திக் காடு ஆகியவற்றை விரிக்க நேரமில்லை. இரண்டை மட்டும் சொல்லிவிடுகின்றோம்.

ஒன்று, நம் வீட்டு அலமாரிகள். அரபுத்தமிழில் எழுதப்பட்ட கடிதங்களும் ஏடுகளும் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) அவர்கள் நூல்கள் இயற்றிய அந்த எழுத்தை, இன்றைய பிள்ளைகளில் படிக்கத் தெரிந்தவர் அரிது. பாட்டியின் பக்கத்தில் அமர்ந்து ஒரு கடிதத்தைப் படித்துத் தமிழெழுத்தில் பெயர்த்தெழுதினாலே கொழும்பு வாணிபத்தின் ஒரு பக்கம் கிடைத்துவிடும். பெரியபட்டினத்தில் 1987இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. மண்ணுக்கடியில் இருந்ததை அவர்கள் எடுத்தார்கள். அலமாரியில் இருப்பதைக் கறையான் எடுக்குமுன் நாம் எடுக்க வேண்டாமா?

மற்றொன்று, காகிதங்கள். வங்கிப் படிவம், இ-சேவை மையம், பத்திரப் பதிவு, கடவுச்சீட்டு, வெளிநாட்டு வேலை ஒப்பந்தம். பத்தாம் வகுப்புத் தேறாதவரின் கடவுச்சீட்டில் வளைகுடா போன்ற நாடுகளுக்குக் குடியேற்ற அனுமதி தேவை என்ற குறிப்பு ஏன் இடம்பெறுகிறது, ஒப்பந்தத்தில் சம்பளம், தங்குமிடம், திரும்பும் பயணச் சீட்டு பற்றிய வாசகங்களை எப்படிப் படிப்பது என்பதைச் சபரிலிருந்து திரும்பிய பெரியவர்களே நடத்தலாம். இரண்டு சனிக்கிழமை போதும். இதைப் படித்துவிட்டுச் சபர் செல்பவன் எளிதில் ஏமாறமாட்டான்.

எச்சரிக்கையாகச் சில சொல்ல வேண்டும். எந்தப் பிள்ளையையும் கடலுக்குள் அனுப்பும் எண்ணம் எங்களுக்கில்லை, எல்லாம் கரையிலேயே. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியின்றி அங்கே கால் வைக்கலாகாது. பழுதுபார்க்கும் இடத்தில் பிள்ளைகள் கற்பவர்களே, கூலிகள் அல்லர். பதினெட்டு வயதுக்குட்பட்டோரை ஆபத்தான தொழிலில் ஈடுபடுத்துவதை 2016இல் திருத்தப்பட்ட சட்டம் தடுக்கிறது. அதைப் படகு உரிமையாளர்களிடம் முன்னதாகவே எடுத்துரைப்போம்.

‘நீட்’ தேர்வுக்குப் படிக்க வேண்டிய பிள்ளையின் நேரத்தை வீணாக்குகிறீர்களே என்று சிலர் கேட்பார்கள். பதினோராம் வகுப்புப் பாடத்தை விடச் சொல்லவில்லை. அத்தேர்வில் வினாக்கள் இரண்டு ஆண்டுப் பாடத்திலிருந்தும் வருகின்றன. பொதுத்தேர்வு இல்லையென்று பாடத்தைக் கைவிடுகிறவரே நீட்டில் முதலில் தடுமாறுவார். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் அவர்களுக்கே உரியவை.

இனி, முன்பு சொல்வதாகக் கூறிய பணச் செய்தி. இத்திட்டத்தில் எந்தப் பிள்ளையிடமும் கட்டணம் வாங்கலாகாது. அதோடு நின்றாலும் போதாது. மண்ணடிக்குச் செல்லவிருந்த பையனை நாம் தடுத்து நிறுத்தினால், அவன் வீட்டுக்கு இரண்டு மாத வருமானம் நின்றுபோகிறது. அதை ஈடு செய்யாமல் அந்தத் தாயிடம் கல்வியின் பெருமையைப் பேசுவது நியாயமாகாது. ஆகவே தேவையுள்ள குடும்பங்களுக்கு ஏப்ரல், மே ஆகிய இரண்டு மாதத்திற்கும் கல்வி நிதியிலிருந்து உதவித்தொகை வழங்க வேண்டுமென்று கேட்கின்றோம். ஜகாத் நிதியிலிருந்து இதற்கு எடுக்கலாமா, கூடாதா என்பதை ஆலிம் பெருமக்கள் முடிவு செய்து அறிவிக்கட்டும். மலருக்கு விளம்பரம் தரும் சபராளி அன்பர்கள் ஆளுக்கொரு பிள்ளையின் பொறுப்பை ஏற்றாலும் காரியம் கைகூடும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டு கொடுப்போம். சென்ற ஒவ்வோர் இடத்தைப் பற்றியும் ஒரு பக்கம்: என்ன பார்த்தேன், யார் சொல்லித் தந்தார், எது எனக்கு விளங்கவில்லை. மதிப்பெண் கிடையாது. அரையாண்டு விடுமுறையில் ஒரு மாலை, பெற்றோர் முன்னிலையில் அவரவர் தமக்குப் பிடித்த ஒரு பக்கத்தைப் படிக்க வேண்டும். விளங்காதவற்றின் பட்டியல் நீளமாக இருந்தால் எங்களுக்கு மகிழ்ச்சியே.

முதலாண்டில் ஆணும் பெண்ணுமாக 15 பிள்ளைகளோடு தொடங்க எண்ணியிருக்கின்றோம். இந்தப் பொதுக்குழு ஒப்புதல் அளித்தால், பத்தாம் வகுப்பில் பயிலும் பிள்ளைகளின் பெற்றோர், ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் அலுவலகத்தில் பெயரைப் பதிவு செய்யலாம். பெண்பிள்ளைகளின் தாய்மார்கள் பெண்கள் மதரஸாவின் ஆசிரியையிடம் பதிவு செய்யலாம். தச்சு, எஞ்சின், தையல், கணக்கு, மருந்துக்கடை என எத்தொழிலில் இருந்தாலும் ஒரு சனிக்கிழமை முழுவதும் பிள்ளைகளோடு இருக்கச் சம்மதிப்பவர்களின் பட்டியல் தனியாக வைக்கப்பட்டிருக்கிறது. பிள்ளைகளின் பெயருக்கு முன்னரே அந்தப் பட்டியல் நிறைய வேண்டும்.